ஒரு சொட்டுப் போதும்

செசீலியா வீட்டு வெள்ளை மேசைவிரிப்பில் பிளேன்டீயை ஊற்றியது அல்பேட்தான், அதுவும் வேண்டுமென்றே.

"ஒரு சொட்டுப் போதும் அன்ரி, கறை ஓடிரும்" என்று, தான் விற்கும் திரவத்தை விட்டுத் தேய்த்தான். கறை ஓடவில்லை; அகலமானது.

அல்பேட் பதறவில்லை. தோற்கும்போதுதான் நன்றாகச் சிரிக்கவேண்டும் என்று கம்பனிக் கூட்டத்தில் சொல்லியிருந்தார்கள். அந்தச் சிரிப்பில் அவனுக்கு நல்ல பழக்கம். இதுவரை ஏறிய வீடுகளிலெல்லாம் "யோசிச்சுச் சொல்லுறம் தம்பி" என்றே அனுப்பிவிட்டார்கள். இந்த வீடும் கைவிட்டால் இனி எந்த வீட்டுக்கும் போவதில்லை என்றிருந்தான்.

"எங்கட கம்பனியில நீங்களும் சேரலாம் அன்ரி. உங்களுக்குக் கீழ ரெண்டு பேர், அவங்களுக்குக் கீழ..."

"பொறுங்க தம்பி" என்றார் செசீலியா. "பொம்பிள பாக்க வந்த இடத்தில எனக்குக் கீழ ஆள் சேக்கிறீங்களே. மத்த வீடுகளிலயும் இப்பிடித்தானா?"

"ஓம் அன்ரி." சிரிப்பு முதல்முறையாக வழுக்கியது.

கதவோரம் நின்ற மகள் டினோஷா முன்னால் வந்தாள். "அந்த விரிப்பு நான் தைச்சது."

அல்பேட் பையை எடுத்துக்கொண்டு எழும்பினான்.

"இருங்க" என்றாள் டினோஷா. "கறை போகாட்டியும் சிரிக்கிற ஆள் எனக்குச் சரி. கலியாணம் முடிச்சா எங்கட ஊர் வழக்கப்படி இஞ்சதானே இருக்கப்போறீங்க, ஆறுதலாத் தோய்ச்சுத் தாங்க. சவுக்காரம் மட்டும் நான் கடையில வாங்குவன்."