கட்டிலுக்கடியில் வாடிவாசல்

“இன்னும் மூணு மணி நேரம், இருபது நிமிஷம்! அம்புட்டுத்தான். வெளக்கமாத்தைக் கையில எடுங்க!”

செல்வக்குமார் கரண்டியை மைக் போலப் பிடித்துக்கொண்டு சோபாமேல் ஏறி நின்றான். எதிரே பத்து வயது மகள் திவ்யா விளக்குமாறோடும், ஏழு வயது மகன் அழகுபாண்டி வாளியோடும் நின்றார்கள்.

“அஞ்சு மணிக்கு அம்மா பரவையில இருந்து வந்துருவா. அதுக்குள்ள இந்த வீட்டுல ஒரு இண்டு இடுக்கு விடக்கூடாது. ஏன்?”

“இன்னைக்கு உங்க கல்யாண நாளு!”

“போன வருஷம் அப்பா அதை மறந்ததுக்கு என்ன ஆச்சு?”

“அம்மா பதினோரு நாளு பேசல. உங்களுக்கு உப்பில்லாம சோறாக்குச்சு” என்றாள் திவ்யா.

“எனக்கும் அதே சோறுதான்” என்றான் அழகுபாண்டி. அவனுக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

“இந்த வருஷம் அப்படி ஆகக்கூடாது. தப்பிச்சா மூணு பேரும் தப்பிப்போம்.”

மனைவி நாகஜோதி காலையிலேயே பரவைக்கு, தங்கையின் வளைகாப்புக்குக் கிளம்பிவிட்டாள். ‘பிள்ளைகளை நான் பாத்துக்கிறேன், நீ நிம்மதியாப் போயிட்டு வா’ என்று செல்வக்குமார் தானாகவே சொன்னதை நம்ப முடியாமல், படி இறங்கும்போது இரண்டு முறை திரும்பிப் பார்த்தாள்.

செல்வக்குமார் கரண்டியில் ஊதினான்.

“இதோ வருது, இதோ வருது! கட்டிலுக்கடி வாடிவாசல்ல இருந்து தல்லாகுளம் செல்வக்குமார் வீட்டுப் பழைய பெட்ஷீட்டு வருது! தொட்டுப் பாரு! புடிச்சவனுக்கு அண்டா பரிசு!”

அழகுபாண்டி பாய்ந்து பெட்ஷீட்டைக் கட்டிப்பிடித்துக் கூடம் வரைக்கும் உருண்டான்.

“திமிலை விடல! மாடுபுடி வீரர் திமிலை விடல!”

“ஜெயிச்சுட்டேன். அண்டா எங்கப்பா?”

“அடுப்படியில இருக்கு. தேய்ச்சு வச்சுரு.”

வேறு நாளாக இருந்தால் அழுதிருப்பான். பரிசு என்பதால் புளி போட்டுத் தேய்த்தான்.

விதி ஒன்றே ஒன்றுதான். கிடைக்கிற எதையும் கமிட்டி பார்க்காமல் குப்பையில் போடக்கூடாது. கமிட்டி என்றால் செல்வக்குமார்.

கமிட்டியின் முன் பேனா மூடி வந்தது. பாதி ரப்பர் வந்தது. மீசையோடு செத்துக் கிடந்த கரப்பான் பூச்சி வந்தது. ஒவ்வொன்றையும் கமிட்டி உற்றுப் பார்த்து, பெருமூச்சு விட்டு, நிராகரித்தது. பிறகு கூட்டிய தூசியை மாவுச் சல்லடையில் கொட்டிச் சலித்தது.

“தூசியை எதுக்குப்பா சலிக்கணும்?” என்றாள் திவ்யா.

“மாட்டை அவுக்குறதுக்கு முன்னாடி டாக்டர் செக் பண்றாருல்ல? அது மாதிரி.”

செல்போன் அடித்தது. நண்பன் ஜெயபாண்டி.

“மாப்ள, எங்கடா இருக்க? மேட்ச் ஆரம்பிக்கப் போகுது.”

“வரலடா. வீடு கூட்டிக்கிட்டு இருக்கேன்.”

ஜெயபாண்டி குரலை இறக்கிக் கேட்டான்.

“தங்கச்சி நாகஜோதி பக்கத்துல நிக்கிதா? நின்னா ‘ஆமா’ன்னு மட்டும் சொல்லு.”

செல்வக்குமார் போனை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனான்.

“அடுத்து டப்பா ரவுண்டு! ஒவ்வொண்ணாக் கவுத்து, தொடச்சு, திருப்பி நிரப்பணும். ஒரு பருப்பு சிந்துனாலும் அவுட்டு!”

இருபத்துமூன்று டப்பாக்கள். கடுகுக்குள்ளும் கமிட்டி விரலை விட்டுத் துழாவியது.

“அப்பா, அம்மா தெனம் இம்புட்டு வேலை செய்யுது. அதுக்கு மட்டும் ஏன் யாரும் மைக்குல பேச மாட்டேங்கிறோம்?” என்றாள் திவ்யா.

செல்வக்குமார் கரண்டியைத் தாழ்த்தினான். கடிகாரத்தைப் பார்த்தான்.

“பேச்சைக் குறைங்க. இன்னும் நாப்பது நிமிஷம்தான் இருக்கு.”

வீடு பளபளக்கப் பளபளக்க அவன் முகம் மட்டும் வாடிக்கொண்டே போனது. மெத்தை உறையைக் கழற்றச் சொன்னான். ஷூக்களைக் கவிழ்க்கச் சொன்னான். பிள்ளைகளுக்கு உற்சாகம் தாங்கவில்லை.

“நாளைக்கும் வீடு கூட்டுவோமாப்பா?” என்று கெஞ்சினான் அழகுபாண்டி.

ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதே நாகஜோதி வந்துவிட்டாள். கை நிறையக் கண்ணாடி வளையல். செருப்பைக் கழற்றியவள் உள்ளே கால் வைக்கத் தயங்கினாள்.

“நம்ம வீடுதானா இது?”

“கல்யாண நாள் வாழ்த்து!” என்று பிள்ளைகள் குதித்தார்கள். ஆளுக்கொரு பக்கம் அவளை இழுத்துக்கொண்டு போய்க் காட்டினார்கள்.

“ஆத்தாடி, கட்டிலுக்கடியில தரை தெரியுது!” என்றாள் நாகஜோதி.

கடைசியாக அடுப்படிக்கு வந்தாள். செல்வக்குமார் சல்லடையும் கையுமாகத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“நாகு, இந்த வருஷம் நான் மறக்கல. சத்தியமா மறக்கல. ஆனா அது வந்து…”

“எல்லா டப்பாவையும் கவுத்தீங்களா?”

“ஆமா.”

“துவரம்பருப்பு டப்பாவையும்?”

“அதைத்தான் ரெண்டு தடவை…” என்றவன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

நாகஜோதி இடுப்பில் கை வைத்தாள்.

“கல்யாண நாளுக்குன்னு வாங்குன மூக்குத்தியப் பருப்பு டப்பாவுல ஒளிச்சு வச்சா, தெனம் பருப்பு அள்ளுறவ கையில சிக்காம யாரு கையில சிக்கும்? சல்லடையக் கீழ வச்சுட்டு நிமிந்து என் மூஞ்சியப் பாருங்க. மூணு மாசமா என் மூக்குலதான் இருக்கு!”