முத்திரை இல்லாத புஷ்

"இது எங்க கம்பெனி சாமான் இல்லை. முத்திரை எங்கே?"

பம்பிலிருந்து கழற்றிய புஷ்ஷைக் கமலாத்தாளின் மூக்குக்கு நேரே நீட்டினார் மேனேஜர். உள்ளே சுழலும் தண்டு ஆடாமல் பிடித்துக்கொள்கிற சின்னக் குழாய், அவ்வளவுதான் புஷ். அதைப் பார்க்கத்தான் கஞ்சிக்கோட்டுப் பம்பு கம்பெனியிலிருந்து ரெண்டு பேர் ஜீப்பில் எருத்தேன்பதிக்கு வந்திருந்தார்கள்.

"கேட்டா நீங்க குடுத்தீங்களா?" கமலாத்தாள் விடவில்லை. "எட்டு மாசமாக் கடுதாசி போடறனுங்க. அந்த மாடலை நிறுத்தியாச்சு, முழுப் பம்பும் புதுசா வாங்குங்கறீங்க. விரல் நீளச் சாமானுக்குப் பம்பையே தூக்கி எறியறதுங்களா? சரி, அளவையாச்சும் சொல்லுங்க, நாங்க கடைஞ்சுக்கறோம்னா, கம்பெனி ரகசியமாமா!"

"டூப்ளிகேட் போட்டாச்சு. இனிமே ரிப்பேருக்கு எங்களைக் கூப்பிடாதீங்க."

மேனேஜர் போய் ஜீப்பில் உட்கார்ந்துவிட்டார்.

மூணு ஏக்கர் கடலை, விழுது இறங்குகிற நேரம். இந்த வாரம் பம்பு ஓடித் தண்ணி கட்டாவிட்டால் வெறுங்கொடிதான் மிஞ்சும்.

கூட வந்த இன்ஜினீயர் ராமபத்ரன் கல்பாத்திக்காரர். இவராவது ஏதாச்சும் சொல்லுவார் என்று கமலாத்தாள் அவர் முகத்தையே பார்த்தாள்.

அவர் பக்கத்தில் நின்ற உள்ளூர் ஃபிட்டர் சின்னையன் மேல் பாய்ந்தார்.

"யாராக்கும் இதைக் கடைஞ்சது? நீயா?"

"பழசு தேஞ்சு தூளாப் போச்சுங்க சார். குத்துமதிப்பாத்தான்..."

"குத்துமதிப்பா! நாலு போல்ட்டைக் கழட்டினா புஷ் தனியாக் கையிலே வரணும்னு மெனக்கெட்டு வரைஞ்சவன் நான். உன் குத்துமதிப்புக்கா வரைஞ்சேன்? உள்ளே ஒண்ணேகால் இஞ்சு இருக்கணும், இருக்கா? வெளியே ஒண்ணேமுக்கால், இருக்கா? நீளம் ரெண்டரை! பித்தளையிலேயா கடையறது, மடையா? கன்மெட்டல்!"

ஜீப்பிலிருந்து மேனேஜர் அதைக் கேட்டுச் சிரித்தார். ஹாரன் அடித்தார்.

இன்ஜினீயர் நகரவில்லை. மறுபடியும் ஒண்ணேகாலில் ஆரம்பித்துக் கன்மெட்டல் வரைக்கும் வைதார். ஜீப்பில் ஒரு காலை வைத்துக்கொண்டு, மூணாவது தடவையும்.

ஜீப் கிளம்பியதுதான் தாமதம், கமலாத்தாளுக்கு வந்ததே கோபம்.

"படிச்ச மனுசனாட்டமா பேசறான்? ஏஞ்சின்னையா, நீயும் வாயில கொழுக்கட்டையா வெச்சிருந்தே? அந்த ஆளு அத்தன பேச்சுப் பேசறான், மரமாட்ட நிக்கறயே!"

"பேசாதீங்கக்கா, மறந்துரும்!"

சின்னையன் பையிலிருந்து சாக்குக்கட்டியை எடுத்துக்கொண்டு மோட்டார் ரூமுக்கு ஓடினான். சுவரில் எழுதினான்: உள்ளே 1¼. வெளியே 1¾. நீளம் 2½. கன்மெட்டல்.

எட்டு மாசமாய்க் கம்பெனி தராத அளவு அத்தனையும், வசவோடு வசவாக வந்து சேர்ந்திருந்தது.