நூல் கட்டிய செடி

நூல் கட்டிய செடியைத் தலையோடு அறுத்து, சாண்ட்விச்சுக்குள் வைத்துச் சாப்பிட்டுவிட்டேன். தோட்டத்தில் மிச்சமிருந்த ஒரே சிவப்பு லெட்டூஸ் கீரை அதுதான். பொற்கொடி பதினோரு வருடமாக விதை எடுத்து, மறுபடி விதைத்துக் காப்பாற்றி வரும் வகை. "ரெண்டு நாள்ல வந்துடறேன்" என்று தங்கை வீட்டுக்குக் கிளம்பும்போது அதன் தண்டில் வெள்ளை நூலைக் கட்டிவிட்டுப் போனாள். மனைவி கட்டிவைத்தது கணவனுக்காகத்தான் என்று நம்பும் அளவுக்கு எனக்கு என்மேல் மரியாதை உண்டு. இலை கசந்தது. ரெண்டு நாள் நாற்பது நாளாகி, நானே சமைத்துச் சாப்பிட்ட நாக்குக்கு அது பெரிதாகத் தெரியவில்லை.

போனில் உண்மையைச் சொன்னேன். கொஞ்சம் சிரிக்கவைத்தும் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை.

"கடைசியா பூக்கிற செடியிலதாங்க விதை எடுக்கணும். அதுக்குத்தான் நூலு. வேரோட பிடுங்கிட்டீங்களா?"

"இல்ல. அடிக்கட்டை நிக்குது. பால் வடியுது."

"அப்ப பக்கத்துல துளிர்க்கும். தண்ணி ஊத்துங்க. பூத்து, விதை பஞ்சோட வெடிக்க ரெண்டு மாசம் ஆகும்."

"விதை எடுக்கிறதெல்லாம் எனக்கு வராதும்மா. நீ வந்து எடு."

வா என்று கூப்பிட்டால் தினமும் "பாக்கலாம்" என்பாள். இன்று அதைக்கூடச் சொல்லவில்லை. வேடிக்கையை விட்டுவிட்டுக் கேட்டேன்.

"பொற்கொடி, வருவியா, மாட்டியா?"

"வரமாட்டேங்க" என்றாள். "பஞ்சு பறக்கிறதுக்கு முன்னாடி பறிச்சிருங்க. பாதி எனக்கு அனுப்புங்க."