ஏறக்கூடாத நாள்

ஹோட்டல் ஸ்டோர் அறையில் குருவின் சைக்கிள் இல்லை.

ரமணி இன்னொரு முறை எட்டிப் பார்த்தாள். அவளுடைய சைக்கிள் மட்டும் சுவரோரம் சாய்ந்திருந்தது. கணவருடையது நின்ற இடத்தில் கொஞ்சம் காய்ந்த சேறு.

"அங்கிள் காலையிலேயே வெளிய கொண்டு போயிட்டாரு ஆன்டி," என்றாள் ரிசப்ஷனில் இருந்த சல்மா. "லிட்டில் இந்தியா பக்கம் சைக்கிள் கடை இருக்கான்னு கேட்டாரு."

ரமணிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மனிதரால் ஒரு பகல்கூடத் தாங்க முடியவில்லை.

வடக்கே தைப்பிங்கிலிருந்து தெற்குக் கோடி ஜோகூர் பாரு வரை சைக்கிளில் போவது குருவின் நெடுநாள் ஆசை. ரிட்டையர் ஆன கையோடு இரண்டு சைக்கிள் வாங்கிவிட்டார். அவரைத் தனியாக விட மனமில்லாமல்தான் ரமணி கிளம்பினாள். கிள்ளான் வந்து சேர்வதற்குள் அவளுக்கு உட்கார்ந்தாலும் வலி, நின்றாலும் வலி. தினமும் காலையில் தூக்கம் கலைவதற்குள் கால்கள் மிதிக்கத் தொடங்கிவிடும். மனசுதான் முனகிக்கொண்டே பின்னால் வரும்.

கிள்ளானில் ஒரு நாள் ஓய்வு. நேற்றுச் சாப்பிடும்போது அவள்தான் பந்தயம் கட்டினாள்.

"நாளைக்குப் பொழுது சாயுற வரைக்கும் சைக்கிள்ல ஏறக்கூடாது. ஏறினீங்கன்னா ரெண்டையும் லோரியில ஏத்திட்டு வீட்டுக்கு. சரியா?"

"ஏறலன்னா?"

"வாயத் தொறக்காம ஜோகூர் வரைக்கும் வரேன்."

"நீ ஏறினா?"

"நானா?" ரமணிக்குப் புரையேறியது. "நான் ஏறினா ஜோகூரையும் தாண்டி சிங்கப்பூர் வரைக்கும் வரேன் லா!"

இப்போது கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் ஏதாவது கதை சொல்லித் தப்பித்துவிடுவார்.

போனில் கிராப் டாக்சி தேடினாள். கார் வர நேரமாகும் என்றது.

"வந்தாலும் அங்க ஒரே ஜாம் ஆன்டி. நகராது," என்றாள் சல்மா.

ரமணி போனைப் பைக்குள் போட்டாள். ஸ்டோர் அறைக்குப் பின்வாசல் உண்டு. அது நேராகத் தெருவில் விடும். அந்த வழியாகவே வெளியேறினாள்.

தெருவில் கார்கள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றன. ரமணி நிற்கவில்லை. லோரிக்கும் சுவருக்கும் நடுவே புகுந்தாள், கோவில் மூலையில் திரும்பினாள், பூக்கடை ஓரமாக வந்துதான் மூச்சு வாங்கினாள். வழியெல்லாம் அவள் கண்ணில் தெரிந்தது ஒன்றுதான்: வீட்டுக் கட்டில், அதன்மேல் மெத்தை.

இரண்டு கடை தள்ளி, ஒரு சைக்கிள் கடை வாசலில், பிளாஸ்டிக் ஸ்டூலில் குரு. கையில் நுரைத்த தே தாரிக் டீ. சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. அவருடைய சைக்கிள் பக்கத்திலேயே நின்றது.

ரமணி பின்னால் போய்த் தோளைத் தட்டினாள். "பிடிச்சேன்! நாளைக்கு லோரி. மூட்டையக் கட்டுங்க."

"நான் ஏறலையே," என்றார் குரு.

"சட்டையப் பிழிஞ்சா ஒரு வாளி தண்ணி வரும். ஏறலையாம்!"

"தள்ளிக்கிட்டு வந்தேன். அதான்."

"ஹோட்டல்லேருந்தா? இந்த வெயில்லயா? யாருக்குக் கத சொல்றீங்க?"

கடைக்காரர் சாதிக் ஸ்பேனரோடு நிமிர்ந்தார். "உண்மைதான் அக்கா. அந்த முனையிலேருந்து தள்ளிக்கிட்டே வராரு. டயர் பஞ்சர்னு நெனச்சேன். பாத்தா காத்து ஃபுல்லா இருக்கு. ஏன் பாஸ், ஏறி வந்திருக்கலாமேன்னா, வீட்ல சண்ட வரும்ங்கிறாரு."

ரமணிக்குக் கட்டிலும் மெத்தையும் கண்ணிலிருந்து மறைந்தன. "அப்படி என்ன தலைபோற வேல?"

குரு பின்சக்கரத்தைக் காட்டினார். அதன்மேல் புதிய கேரியர், பழையதைவிட நல்ல அகலம். "ஒன் பையையும் நானே ஏத்திக்கலாம்னு பாத்தேன். பாரம் இல்லன்னா ஒனக்குக் கொஞ்சம் லேசா இருக்கும்ல."

சண்டை போட ரமணிக்கு ஒன்றும் மிச்சமில்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"அது என்ன காலுல?" என்றார் குரு.

ஓய்வு நாளுக்கென்றே நேற்று வாங்கிய மஞ்சள் சுடிதார். வலது கால் ஓரத்தில் கறுப்பாக ஒரு தீற்றல்.

"ரோட்டுல ஏதோ பட்டிருக்கும்." தட்டிவிட்டாள். போகவில்லை. "சரி, ஜோகூர்தான். இனிமே வாயத் தொறக்க மாட்டேன். எனக்கும் ஒரு டீ சொல்லுங்க."

குரு டீக்குக் கை காட்டிவிட்டு அவள் பக்கம் திரும்பினார். "ஆமா, இந்த ஜாம்ல கார் வராது. நடந்து வந்தா எவ்வளவு நேரமாகும்னு எனக்குத் தெரியும். நீ எப்படி அதுக்குள்ள வந்தே?"

ரமணி குனிந்து காலிலிருந்த தீற்றலை மறுபடி தட்டினாள்.

பூக்கடையிலிருந்து ஒரு பெண் சத்தமாகக் கூப்பிட்டாள்.

"மஞ்சள் சுடிதார் அக்கா! ஒங்க சைக்கிள் என் மாலைய மறைக்குது, கொஞ்சம் தள்ளி நிறுத்துங்க லா!"