தெரியாத கை

கரீமுல்லா பேராசைக்காரர் என்பதில் மயிலாப்பூரில் யாருக்கும் சந்தேகமில்லை.

குளத்துப் பக்கம் வளையல் கடை வைத்திருந்தார். பொய் சொல்லமாட்டார், கீறல் விழுந்த வளையலை யார் தலையிலும் கட்டமாட்டார். ஆனால் வீடு என்று வந்ததும் சாயம் வெளுத்துவிட்டது என்றார்கள்.

வீடு அவருக்கும் தம்பி ஹபீபுர் ரஹ்மானுக்கும் பொது. தம்பி உயில் எழுதாமல் மௌத்தாகிவிட்டார். பிள்ளை இல்லை. மார்க்கச் சட்டப்படி தம்பி மனைவி அஸ்மத்துன்னிசாவுக்குத் தம்பியின் பாதியில் கால், அதாவது வீட்டில் எட்டில் ஒரு பங்கு, மீதியெல்லாம் கரீமுல்லாவுக்கு.

ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டிருந்த நேரம் அது. அஸ்மத்தின் அண்ணன் குலாம் ரசூல் வாணியம்பாடியிலிருந்து வந்து உட்கார்ந்துவிட்டார். வீட்டை விற்றால், தங்கையின் பங்கைத் தன் தோல் மண்டியில் போட்டுவிட்டு அவளையும் தன்னோடு வைத்துக்கொள்வாராம். வாங்குவதற்கு சண்முகவேல் தயார். எல்லோரும் குண்டுக்குப் பயந்து விற்க, அவர் மட்டும் பயப்படாமல் பாதி விலைக்கு வாங்கிக்கொண்டிருந்தார்.

கரீமுல்லா அசையவில்லை. "அந்தப் பொண்ணு இங்கயே இருக்கட்டுமே. கஞ்சியோ கூழோ எங்களோட குடிக்கட்டும்" என்றார்.

பங்கை அமுக்கப் பார்க்கிறார் என்று ஊர் அர்த்தம் செய்துகொண்டது. ஜமாத்தார் கூப்பிட்டு, விதவை சொத்தை நிறுத்தி வைப்பது பாவம் என்றார்கள். தங்கையே விற்கச் சொல்கிறாள் என்றார் குலாம். அதைக் கேட்டதும் கரீமுல்லா சரியென்று தலையாட்டிவிட்டார்.

அந்நிய ஆண்கள் முன் வராத கோஷாப் பெண் ஆபீசுக்கு வரமாட்டாள் என்பதால் ரிஜிஸ்திராரே வீட்டுக்கு வந்தார். திரைக்கு அந்தப் பக்கம் அஸ்மத்தும் குலாமும். இந்தப் பக்கம் மற்றவர்களும் மை டப்பாவும். கரீமுல்லா தன் கையெழுத்தைப் போட்டு முடித்திருந்தார்.

"மனசார சம்மதம்தானாம்மா?" என்றார் ரிஜிஸ்திரார்.

உள்ளே குலாம் ஏதோ முணுமுணுத்தார். அப்புறம், "சம்மதம்" என்று ஒரு குரல் வந்தது.

திரைக்கு வெளியே ஒரு கை நீண்டது. விரல்களெல்லாம் இறுக மூடியிருந்தன. கட்டை விரல் உள்ளே மாட்டிக்கொண்டிருந்தது. மை தடவிக்கொண்டிருந்த ரிஜிஸ்திரார் நிமிராமலே, விரலை நீட்டும்மா என்றார். நீளவில்லை. கடைசியில் குலாமின் கை வந்து அந்த விரலைப் பிரித்து வெளியே இழுத்தது.

அடையாளம் சொல்ல அண்ணன் மட்டும் போதாது, இன்னொருவரும் வேண்டும் என்றார் ரிஜிஸ்திரார். எல்லோரும் கரீமுல்லாவைப் பார்த்தார்கள். தம்பி மனைவியின் முகத்தை அவர் பார்த்ததில்லைதான். ஆனால் ரம்ஜானுக்கு ரம்ஜான் இதே திரைக்கு வெளியே நீளும் கையைப் பார்த்துத்தான் வளையல் எடுத்துக் கொடுப்பார். மயிலாப்பூரில் எந்தக் கைக்கு எந்த அளவு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்.

கரீமுல்லா கையை நிதானமாகப் பார்த்தார்.

"இது யாரு கையோ, எனக்குத் தெரியலீங்க."

"பாய், நல்லாப் பாருங்க."

"பாத்துட்டேன். தம்பி சம்சாரம் கை இல்லீங்க இது."

குலாம் திரையைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து குதித்தார். உள் அறையில் இருக்கும் கரீமுல்லாவின் மனைவி ஜமீலுன்னிசாவைக் கேளுங்கள் என்றார். அவரும் கோஷாதான், அவரை யார் அடையாளம் சொல்வது என்று கேட்டுவிட்டு, ரிஜிஸ்திரார் மை டப்பாவை மூடினார்.

மறுநாளே சண்முகவேல் அடுத்த தெருவில் இன்னும் மலிவாக ஒரு வீட்டைப் பிடித்துக்கொண்டார். குலாம் திட்டிக்கொண்டே ரயிலேறினார். எட்டில் ஒரு பங்குக்காக வாழ்நாளில் பேசாத பொய்யைப் பேசிவிட்டான் பாவி என்று ஊர் தீர்ப்பு எழுதியது. விற்றிருந்தால் மற்ற ஏழு பங்குப் பணமும் அவர் கைக்குத்தான் வந்திருக்கும் என்பதை யாரும் யோசிக்கவில்லை.

அடுப்பங்கரையில் அஸ்மத் வழக்கம்போல அரிசி களைந்துகொண்டிருந்தாள். கரீமுல்லா தொழுகைக்கு முகம் கை கால் கழுவிக்கொண்டிருந்தார். ஜமீலுன்னிசா துண்டை நீட்டினார்.

"ஏங்க, நெசமாவே அந்தக் கை தெரியலயா?"

"தெரிஞ்சிது. அதான் தெரியலன்னேன்."