பாடிக்கொண்டே ஏற்றிய மெஷின்கள்

இடுப்பு இன்னும் நிமிரவில்லை. கிறிஸ்துமஸுக்கு முன்பு தையல் மெஷின்களை லாரியில் ஏற்றியது நாங்கள்தான். லீவு முடிந்து வரும்போது புது மெஷின் இருக்கும் என்றார் முதலாளி, பாடிக்கொண்டே ஏற்றினோம். இன்று லெசோத்தோ தலைநகர் மசேருவின் ஜனவரி வெயிலில் ஆலை வாசல் பூட்டிக் கிடக்கிறது. ஜன்னல் வழியே பார்த்தால், மெஷின் இருந்த இடங்களில் தரை வெளுத்துத் தெரிகிறது. வெட்டுத்துணியில் என் பக்கத்து மெஷின்காரி புலெங் தைத்துப் போட்ட நாற்காலி மெத்தை ஓரமாகக் கிடக்கிறது. "புத்தாண்டோட எந்த நாடு எவ்வளவு துணி விக்கலாம்ங்கற கோட்டாவ உலகம் பூரா எடுத்துட்டாங்களாம்க்கா. இனி லெசோத்தோ எதுக்கு, சீனாவுலயே தச்சா லாபம்னு முதலாளி போயிட்டாரு" என்கிறான் காவலாளி. புலெங் வாசல் கம்பியை விடவில்லை. "பொணம் தூக்கறவன்கூட அழுதுகிட்டுதான்டா தூக்குவான். நாங்க பாடிக்கிட்டே தூக்கிக் குடுத்திருக்கோம்" என்று சிரிக்கிறாள். டிசம்பர் சம்பளம் பாக்கி. மெஷின் ஏற்றிய கூலியும் பாக்கி.