மகாயாவுக்கு வந்த தடை உத்தரவு

"கமிட்டியில மத்த நாலு பேருக்கும் கூட்டத்துல பேசக்கூடாதுன்னு போலீஸ் தடை உத்தரவு வந்தாச்சு. எனக்கு மட்டும் வரலியே, நொம்சா."

மகாயா தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். வெள்ளைக்கார அரசாங்கம் விடுதலை இயக்கத்தைத் தடை செய்து இருபத்தெட்டு வருஷம். அதன் பெயரைச் சொன்னாலே சிறை என்பதால், அதன் வேலைகளை 'மக்கள் முன்னணி' என்ற பெயரில் செய்துவந்தார்கள். போர்ட் எலிசபெத் கிளையின் பிரச்சாரச் செயலாளர் மகாயாதான்.

"வராதது நல்லதுதானே?" என்றாள் மனைவி, சோளக்களியைக் கிளறியபடி.

"என்ன நல்லது? அரசாங்கம் என்னை ஒரு ஆளாவே மதிக்கல. தெருவுல என்னை போலீஸ் உளவாளின்னு முடிவு கட்டிட மாட்டாங்களா?"

அது வெறும் பேச்சு இல்லை. உளவாளி என்று பெயர் வாங்கியவன் அங்கே குடியிருக்க முடியாது.

"மத்தவங்க வாயைக் கட்டிட்டாங்க. ஞாயித்துக்கிழமை சர்ச்சுல நடக்கிற கூட்டத்துல நீங்கதானே பேசியாகணும்? பேசிக் காட்டுங்க."

நாற்பத்திரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தார். போன தடவை நாலாவது பக்கத்திலேயே கூட்டம் கலைந்துவிட்டது. போலீஸ் பயம், பாவம்.

சனிக்கிழமை காலையில் கதவுக்கடியில் ஓர் உறை கிடந்தது. 'பத்துப் பேருக்கு மேல் கூடும் இடத்தில் பேசக்கூடாது. திங்கள்தோறும் காவல் நிலையத்தில் கையெழுத்திட வேண்டும்.' தலைவர் வுயோவுக்கு வந்த அதே வாசகம், ஒரு வரி பிசகாமல்.

மகாயாவுக்குக் கண் கலங்கிவிட்டது. தெரு முழுக்கக் காட்டிவிட்டு வந்தார். ஞாயிறன்று வாயே திறக்கவில்லை. அவருக்குப் பதிலாகப் பாதிரியார் பத்து நிமிஷம் பேசினார். ஒருவரும் எழுந்து போகவில்லை.

திங்களன்று கோட்டும் டையுமாகக் காவல் நிலையம் போனார். கமிட்டித் தோழர்கள் நால்வரும் வரிசையில் நின்றார்கள்.

"நானும் உங்களோட சேர்ந்துட்டேன், தோழர்," என்று வுயோவின் தோளைத் தட்டினார்.

"நீங்க எதுக்கு வந்தீங்க? வீட்டுக்குப் போங்க தோழர், கையெழுத்தெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்."

"சட்டம்னா சட்டம்," என்று சொல்லி உத்தரவை நீட்டினார் மகாயா.

சார்ஜென்ட் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பெரியவரே, இது நாங்க கொடுத்தது இல்லையே."

"நான் பேசினா ஆபத்துன்னுதானே சார்..."

"உங்களைத் தொடவே கூடாதுன்னு எங்களுக்கு மேலிடத்து உத்தரவு. நீங்க பேச ஆரம்பிச்சா கூட்டம் தானா கலையுது, எங்களுக்குக் கண்ணீர்ப்புகை மிச்சம். உங்க வாயை அடைக்க வேற யாருக்குய்யா இவ்வளவு அவசரம்?"

மகாயா திரும்பிப் பார்த்தார். தோழர்கள் நால்வரும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.